ஸ்டாக் என்பது குவியல் அல்ல, அடுக்கு

'நூல் குவியல் அளவை அமைத்தல்' என்று ஒரு தமிழ்ப் பாடத்துக்குத் தலைப்பு. சி என்ற நிரல்மொழியில் த்ரெட்டுக்கு (ஒரே நிரலுக்குள் தனித்து ஓடும் வேலைத்தொடருக்கு) ஸ்டாக் (அதன் ஃபங்ஷன்கள் தற்காலிக மதிப்புகளை வைக்கும் நினைவகம்) அளவு வைப்பதைச் சொல்கிறார்கள் என்று மூன்றாம் முறை படித்தபோதுதான் பிடிபட்டது. ஸ்டாக்கைக் குவியல் என்பதை இதோடு எத்தனையோ தடவை பார்த்துவிட்டேன்.

த்ரெட்டுக்கு இழை என்ற சொல் எப்போதோ நிலைத்துவிட்டது. நூல் என்றால் நமக்குப் புத்தகமும்தான், அதனால் அது வேண்டாம். சரி, ஸ்டாக்குக்கு வருவோம். பழைய நோர்ஸ் மொழியில் வைக்கோற்போரைக் குறித்த சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. போர் என்றால் குவியல்தானே என்று கேட்கலாம். ஆனால் கணினியில் அதன் வேலை கடைசியில் வைத்ததை முதலில் எடுப்பது. இதே கருத்துக்கு 1957இல் காப்புரிமை கேட்ட ஜெர்மானியர்கள் பாவரும் சாமெல்சனும் 'கெல்லர்', அதாவது நிலவறை என்றார்கள். வேலையைப் பார்த்து வைத்த பெயர்.

நம்மிடம் இந்த வேறுபாடு களத்திலேயே இருக்கிறது. நெல்லைக் குவிக்கிறோம், மூட்டையை அடுக்குகிறோம். குவியலில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் அள்ளலாம், அடுக்கில் மேல் மூட்டையை இறக்காமல் அடி மூட்டையைத் தொட முடியாது. நிரல் ஓடும்போது மாலாக் (malloc) என்ற ஃபங்ஷன் மூலம் கேட்டு வாங்கும் நினைவக இடமான ஹீப்புக்குத்தான் குவியல் கச்சிதமாகப் பொருந்தும், அதைப் பிடுங்கி ஸ்டாக்குக்குக் கொடுத்தால் ஹீப்பை என்னவென்று சொல்வது?

லினக்ஸில் ஓர் இழைக்கு வழக்கமாக 8 எம்பி ஸ்டாக் கிடைக்கும். மேக்கில் முதன்மை இழை தவிர மற்றவற்றுக்கு 512 கேபிதான். அப்படியோர் இழையில் ஓடும் ஃபங்ஷனுக்குள் 1 எம்பி அரே (வரிசையாக வைத்த மதிப்புகள்) ஒன்றை வைத்து நிரப்பினால் லினக்ஸில் நன்றாக ஓடிய நிரல் மேக்கில் விழும். இதைத் தவிர்க்க வழி இரண்டு. ஒன்று, இழையை உருவாக்கும் முன்பே அதன் பண்புகளில் ஸ்டாக் அளவைக் கூட்ட வேண்டும். உருவாக்கிய பிறகு மாற்ற வழியில்லை. இல்லையென்றால் அரேயை மாலாக் மூலம் ஹீப்புக்கு மாற்ற வேண்டும். 'அடுக்கு போதவில்லை, குவியலுக்கு மாற்று' என்றால் மாணவருக்கு உடனே விளங்கும். இவர்கள் தமிழில் அது 'குவியல் போதவில்லை, குவியலுக்கு மாற்று' என்றாகிறது! நிரலை ஒருமுறை ஓட்டிப் பார்க்காமல் அகராதியை மட்டும் திறந்து மொழிபெயர்ப்பதால் வரும் கேடு இது, கலைச்சொல் பட்டியல் போடுபவர்களிலும் பலர் இதைத்தான் செய்கிறார்கள்.

அடுக்கு வினையாகவும் நிற்கும் என்பது கூடுதல் வசதி. ஸ்டாக்கின் மேல் ஒன்றை வைக்கும் புஷ் என்பதற்கு அடுக்கு, மேலிருப்பதை எடுக்கும் பாப் என்பதற்கு எடு. அந்தத் தலைப்பு 'இழையடுக்கின் அளவை அமைத்தல்' என்று இருந்திருக்க வேண்டும்.