மிஸ்ஸிங் போகவில்லையா? பிளக் வாங்கும் முன் எந்த சிலிண்டர் என்று கேளுங்கள்

பத்துப் பதினைந்து வருடம் ஓடிய கார்கள் மிஸ்ஸிங் என்று, அதாவது ஒரு சிலிண்டர் சரியாக அடிக்காமல் (உள்ளே பெட்ரோல் எரியாமல்) இன்ஜின் ஆடுகிறது என்று, பட்டறைக்கு வரும்போது பெரும்பாலும் ஒரே மாதிரிதான் வருகின்றன. பானெட்டைத் திறந்தால் புது பிளக், புது பிளக் வயர், சிலவற்றில் தீப்பொறிக்கு உயர் வோல்டேஜ் கொடுக்கும் காயில் கூடப் புதிதாக இருக்கும். பெட்ரோல் பீய்ச்சும் இன்ஜெக்டரைக் கிளீன் செய்த பில் டேஷ்போர்டில் கிடக்கும். மிஸ்ஸிங் மட்டும் அப்படியே இருக்கும். எந்த சிலிண்டர் அடிக்கவில்லை என்று யாராவது பார்த்துச் சொன்னார்களா என்று கேட்டால், அதை யாரும் பார்க்கவே இல்லை என்பார்கள்.

ஒரு சிலிண்டர் ஒழுங்காக அடிக்க மூன்று வேண்டும்: சரியான நேரத்தில் நல்ல தீப்பொறி, சரியான அளவில் பெட்ரோலும் காற்றும், கசியாத கம்ப்ரஷன், அதாவது பிஸ்டன் அமுக்கும்போது உள்ளே ஏறும் அழுத்தம். முதல் இரண்டுக்கும் கடையில் பாகம் கிடைக்கும், கழற்றி மாட்டுவதும் எளிது. அதனால் அவற்றையே மாற்றிக்கொண்டிருக்கிறோம். மூன்றாவதைத் தெரிந்துகொள்ள கேஜ் மாட்டி அளக்க வேண்டும். பழைய வண்டியில் கோளாறு அங்கேதான் அதிகம் ஒளிந்திருக்கிறது, அதைத்தான் கடைசியில் பார்க்கிறார்கள்.

உரிமையாளர் சொல்லும் ஒரு தகவல் பாதி வேலையை முடித்துவிடும்: மிஸ்ஸிங் எப்போது வருகிறது? மழை நாளிலும் பனிக் காலையிலும் மட்டும் வந்தால் பிளக் வயரையோ, ஒவ்வொரு பிளக்குக்கும் கரண்டைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியையோ சந்தேகப்படலாம். இருட்டில் வயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தெளித்து, தொடாமல் தள்ளி நின்று பார்த்தால், கரண்ட் கசியும் இடத்தில் நீலப் பொறி ஓடுவது கண்ணுக்கே தெரியும். மேடு ஏறும்போது மட்டும் இழுத்து இழுத்துப் போனால் தேய்ந்த பிளக், பலமிழந்த காயில், அடைத்த பெட்ரோல் ஃபில்டர். ஐடிலிங்கில் ஆடி, ஆக்ஸிலேட்டர் கொடுத்ததும் சரியாகிவிட்டால் எங்கோ காற்று இழுக்கிறது, இல்லையென்றால் சிலிண்டர் வாயைத் திறந்து மூடும் வால்வு சரியாக உட்காரவில்லை. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் மிஸ் அடித்து வெள்ளைப் புகை விட்டு, கூலன்ட்டும் குறைந்துகொண்டே வந்தால், சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட்டைப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டி என்றால் எலி வயரைக் கடித்திருக்கிறதா என்றும் ஒரு பார்வை பார்த்துவிடுங்கள்.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிக்க, ஓடும் இன்ஜினில் பிளக் வயரை ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்க்கும் பழக்கம் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். போக வழியில்லாத உயர் வோல்டேஜ் காயிலையும் இக்னிஷன் மாட்யூலையும் அடித்துவிடும், கையிலும் ஷாக் அடிக்கும். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போகும். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனி இன்ஜெக்டர் உள்ள எம்பிஎஃப்ஐ வண்டியில் இன்ஜெக்டர் கனெக்டரை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். எந்தக் கனெக்டரைக் கழற்றினால் இன்ஜின் சத்தத்தில் ஒரு மாற்றமும் இல்லையோ, அந்த சிலிண்டர்தான் ஏற்கெனவே அடிக்காமல் இருக்கிறது.

2013 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான பிஎஸ்4 (புகைக் கட்டுப்பாட்டு விதி) கார்களில் கோளாறைத் தானே பதிவு செய்யும் ஓபிடி2 இருப்பதால் ஸ்கேனரே சிலிண்டரைக் காட்டிவிடும். பி0301 என்ற கோட் நம்பர் வந்தால் முதல் சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. பி0300 என்றால் ஒரு சிலிண்டரில் நிற்காமல் மாறி மாறி வருகிறது என்று பொருள். ஆனால் பி0302 என்று வந்ததும் இரண்டாவது காயில் போய்விட்டது என்று சொல்வது தவறு. இரண்டாவது காயிலை மூன்றாவதில் மாட்டி, பதிவான கோட் நம்பரை அழித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். பி0303 வந்தால் காயில்தான். மறுபடியும் பி0302 வந்தால் காயிலில் குற்றமில்லை. இதற்குப் பணமே செலவில்லை. பிளக்கையும் இதே மாதிரி இடம் மாற்றிச் சோதிக்கலாம். கழற்றிய பிளக்கின் வெள்ளைப் பீங்கானில் பென்சில் கோடு போல மெல்லிய கருப்புக் கோடு தெரிந்தால், கரண்ட் வெளிப்பக்கமாகவே ஓடியிருக்கிறது. அப்படிப்பட்ட பிளக்கை வைத்துக்கொண்டு வயரை மட்டும் மாற்றினால் புது வயரும் சீக்கிரம் கெடும்.

எல்பிஜியில் ஓடும் ஒரு ஆம்னியைப் பற்றிச் சொல்கிறேன். 1984-ல் மாருதி வேன் என்ற பெயரில் வந்து 2019 வரை தயாரான வண்டி அது. 796 சிசி, மூன்று சிலிண்டர், இன்ஜின் முன் சீட்டுக்கு அடியில். மூன்றில் ஒன்று அடிக்காவிட்டால் வண்டி முழுக்க அதிரும். காய்கறி ஏற்றும் வண்டி. காலையில் ஸ்டார்ட் செய்யும்போது நன்றாக இருக்கும், மார்க்கெட் போய்ச் சேர்வதற்குள் சூடாகி ஐடிலிங்கில் ஆட ஆரம்பிக்கும். பிளக், வயர், காயில் மூன்றும் மாற்றியாயிற்று. “இன்ஜின்ல ஒண்ணும் இருக்காதுண்ணே, டேப்பட் சத்தம்கூட இல்ல, அவ்வளவு அமைதியா இருக்கு” என்றார் ஓட்டுபவர்.

டேப்பட் என்பது வால்வைத் தள்ளும் பாகம்; அதில் விடும் சிறு இடைவெளிதான் அந்தச் சத்தத்தைத் தரும். எனக்குச் சந்தேகம் வந்ததே அந்த அமைதியில்தான். சீட்டைத் தூக்கி, பிளக்கைக் கழற்றி, கம்ப்ரஷன் கேஜ் வைத்தோம். இரண்டு சிலிண்டரில் 170, 165 பிஎஸ்ஐ. மூன்றாவதில் 105. அந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு மறுபடி அளந்தால் ஏறவில்லை. ஆயில் விட்டதும் ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்மானம், ஏறாவிட்டால் வால்வு பக்கம். அப்புறம் பிஸ்டனை மேலே நிறுத்தி, பிளக் துளை வழியாகக் கம்ப்ரஸர் காற்றைக் கொடுத்துச் சைலன்சர் வாயில் காது வைத்தோம். உஸ்ஸென்று காற்று வந்தது, புகையை வெளியேற்றும் வால்வு கசிகிறது. எக்ஸாஸ்ட் வால்வு. அதே காற்று ஏர் ஃபில்டர் பக்கம் கேட்டிருந்தால் இன்லெட் வால்வு, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டிருந்தால் ரிங், ரேடியேட்டரில் குமிழி விட்டிருந்தால் ஹெட் கேஸ்கெட்.

இன்ஜின் ஆறிய பிறகு டேப்பட் கவரைத் திறந்தோம். அந்த எக்ஸாஸ்ட் வால்வில் இடைவெளி அளக்கும் 0.05 மிமீ ஃபீலர் தகடுகூட நுழையவில்லை. எல்பிஜியில் ஓடும் இன்ஜினில், வால்வு வந்து உட்காரும் வளையமான வால்வு சீட் சீக்கிரம் தேயும். சீட் தேயத் தேய வால்வு ஹெட்டுக்குள் இறங்கும், டேப்பட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். குறையக் குறையச் சத்தமும் குறையும். வண்டி நன்றாக இருக்கிறது என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கும்போதே, சூட்டில் நீளும் வால்வுத் தண்டு மீதி இடைவெளியையும் தின்றுவிடும். வால்வு முழுசாக மூடாது. எக்ஸாஸ்ட் வால்வு தன் சூட்டைப் பெருமளவு இறக்குவதே சீட்டில் உட்காரும் அந்தச் சில நொடித் துளிகளில்தான். அது உட்காராவிட்டால் விளிம்பு கருகிவிடும். இந்த வண்டியில் டேப்பட் செட் செய்ததும் 130 வரை ஏறியது, அதற்கு மேல் ஏறவில்லை. ஹெட்டை இறக்கிப் பார்த்தபோது வால்வு விளிம்பில் நகம் அளவு எரிந்து போயிருந்தது. லேத்தில் கொடுத்து சீட் மாற்றி, புது வால்வு போட்டு, இரண்டையும் தேய்த்துப் பொருத்தும் லேப்பிங் செய்த பிறகுதான் வண்டி சரியானது. ஒரு வருடம் முன்பே ஃபீலர் கேஜ் வைத்துப் பார்த்திருந்தால் அரை மணி நேரக் கூலியோடு முடிந்திருக்கும். கேஸில் ஓட்டுபவர்கள் டேப்பட் சத்தம் வருமென்று காத்திருக்காதீர்கள், ஒவ்வொரு சர்வீஸிலும் அளக்கச் சொல்லுங்கள்.

சைலன்சர் புகையில் ஆக்ஸிஜனை அளக்கும் ஆக்ஸிஜன் சென்சாரை வீணாக மாற்றும் கதையும் மிஸ்ஸிங்கோடு சேர்ந்தே வரும். அடிக்காத சிலிண்டரிலிருந்து எரியாத பெட்ரோலோடு எரியாத காற்றும் வெளியே வருகிறது. சென்சார் ஆக்ஸிஜனை மட்டும்தான் பார்க்கும். பெட்ரோல் போதவில்லை என்று அது சொல்ல, இன்ஜினின் கம்ப்யூட்டரான ஈசியூ இன்னும் அதிகமாகப் பெட்ரோல் விடும். மைலேஜ் இறங்கும், புகை கருக்கும். சென்சார் சரியாகத்தான் வேலை செய்கிறது. முதலில் மிஸ்ஸிங்கை நிறுத்திவிட்டு, அப்புறம் சென்சாரைப் பாருங்கள்.

ஓடுகிற வரை ஓடட்டும் என்று மிஸ்ஸிங்கோடு ஓட்டுபவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும். கன்வெர்ட்டர் நெருப்பாய்ச் சிவந்து, உள்ளே இருக்கும் தேன்கூட்டு அமைப்பு உருகி அடைத்துக்கொள்ளும். அந்த நிலையில் காய்ந்த புல், சருகு மேல் வண்டியை நிறுத்தினால் தீப்பிடிக்கலாம். சிலிண்டர் சுவரில் வழியும் பெட்ரோல் கீழே இறங்கி இன்ஜின் ஆயிலை நீர்க்கச் செய்யும். ஆயில் ஸ்டிக்கில் பெட்ரோல் வாசனை வந்தால் ஆயிலையும் மாற்றியாக வேண்டும். இன்ஜின் லைட் நிலையாக எரிந்தால் மெதுவாகப் பட்டறை வரை போகலாம். விட்டு விட்டு மின்னினால் கன்வெர்ட்டர் கெடும் அளவுக்கு மிஸ்ஸிங் இருக்கிறது, ஓரம் கட்டி நிறுத்திவிட்டு டோ செய்யுங்கள்.

பட்டறையில் வண்டியை விடும்போது எந்த சிலிண்டர், ஒவ்வொரு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் எவ்வளவு, டேப்பட் அளந்தார்களா என்ற மூன்றையும் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். சிலிண்டர்களுக்கு இடையே கம்ப்ரஷன் வித்தியாசம் 15 சதவீதத்தைத் தாண்டினால், அந்தக் காரணத்தைக் கண்டுபிடிக்கும் வரை புதுப் பாகம் எதற்கும் சம்மதம் சொல்லாதீர்கள். மாற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பழைய பிளக்கின் நிறத்தை வைத்தே அடுத்து பார்ப்பவர் உங்கள் இன்ஜினைப் பற்றி நிறையத் தெரிந்துகொள்வார்.