ஆதி ஒளியை வைத்துக் கரும்பொருளை அளப்பது எப்படி?

2022இல் ஜப்பானின் நகோயா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹிரோனாவோ மியதாகே தலைமையிலான குழு, 1,200 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய கேலக்ஸிகளைச் சுற்றியுள்ள கரும்பொருளை அளந்து காட்டியது. கரும்பொருள் ஒளிர்வதும் இல்லை, ஒளியை மறைப்பதும் இல்லை. அதன் ஈர்ப்புதான் நமக்குக் கிடைக்கும் ஒரே பிடி. பின்னாலிருந்து வரும் ஒளியை அது லேசாக வளைக்கும். எவ்வளவு வளைந்தது என்று பார்த்தால் நிறை தெரிந்துவிடும். இதுதான் ஈர்ப்பு வில்லை. வழக்கமாகப் பின்னொளி தருவது இன்னும் தொலைவில் இருக்கும் கேலக்ஸிகள். சரி, அளக்க வேண்டிய கேலக்ஸிகளே அவ்வளவு தொலைவில் இருந்தால், அவற்றுக்கும் பின்னால் வடிவம் தெளிவாகத் தெரியும் கேலக்ஸிகளுக்கு எங்கே போவது?

எல்லாவற்றுக்கும் பின்னால் ஓர் ஒளி இருக்கிறது. பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகளில் கிளம்பி, வானத்தின் எல்லாத் திசைகளிலிருந்தும் இன்றும் வந்துகொண்டிருக்கும் நுண்ணலைப் பின்னணி அது. வரும் வழியில் அது மொத்தமாக வளைவது சராசரியாக இரண்டரை கலைநிமிடம்தான். முழுநிலவின் அகலத்தில் பன்னிரண்டில் ஒரு பங்கு.

வளையாத மூலப் படம் நம்மிடம் இல்லை. ஆனால் அதிலுள்ள வெப்ப, குளிர்ப் புள்ளிகளின் சராசரி அளவும் பரவலும் வானத்தின் எந்த மூலையிலும் ஒன்றாகவே இருக்க வேண்டும் என்பது தெரியும். ஓரிடத்தில் புள்ளிகள் கொஞ்சம் பெரிதாகத் தெரிந்தாலோ ஒரு பக்கமாக இழுபட்டிருந்தாலோ, நடுவில் நிறை இருக்கிறது. 2002இல் வெய்ன் ஹூவும் டேகெமி ஒகமோட்டோவும் இதற்கு வகுத்த கணக்குமுறைதான் இன்றும் பெரும்பாலும் அடிப்படை. அப்படிக் கிடைக்கும் நிறை வரைபடத்தில் இரைச்சல் அதிகம். போதாக்குறைக்கு, வழியெங்கும் இருந்த நிறை எல்லாம் ஒரே தளத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து கிடக்கும். எது அருகில், எது தொலைவில் என்று அதிலிருந்து பிரிக்க முடியாது.

இந்த இடத்தில்தான் கேலக்ஸிகள் கைகொடுக்கின்றன. தொலைவு ஓரளவு தெரிந்த கேலக்ஸிகளின் வரைபடத்தை அதோடு ஒப்பிட்டால், இரண்டிலும் சேர்ந்து ஏறி இறங்கும் பகுதி அந்தத் தொலைவிலுள்ள நிறையிலிருந்து வந்தது. ஒரு கருவியின் இரைச்சலுக்கும் மற்றதன் இரைச்சலுக்கும் உறவு இல்லாததால், வானம் முழுக்கச் சராசரி எடுக்கும்போது அவை அடங்கிப்போகும். இந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்ததே இதுதான். 2007இல் டபிள்யூமேப் செயற்கைக்கோள் எடுத்த நுண்ணலைப் படத்தை, ரேடியோ அலைகளை வீசும் கேலக்ஸிகளின் பட்டியலோடு ஒப்பிட்டபோதுதான் இந்த வளைவுக்கே முதல் சான்று கிடைத்தது. நுண்ணலைப் படத்தை மட்டும் வைத்து அதைக் கண்டுபிடிக்க 2011 வரை ஆனது. மியதாகே குழுவும் சுபாரு தொலைநோக்கி கண்ட சுமார் 15 லட்சம் கேலக்ஸிகளைப் பிளாங்க் செயற்கைக்கோளின் நுண்ணலைப் படத்தோடு ஒப்பிட்டது.

கேலக்ஸி கூடுதலாக இருக்கும் இடத்தில் நிறையும் கூடுதல்தான், ஆனால் அதே விகிதத்தில் அல்ல. இரவில் விமானத்திலிருந்து பார்த்தால் ஊர் விளக்குகள் தெரியும். அதை வைத்து மக்கள்தொகையைச் சொல்லிவிட முடியாது, அதுபோல. கேலக்ஸிகள் தமக்குள் எவ்வளவு கூடி நிற்கின்றன என்ற அளவில் இந்த விகிதம் இரண்டு முறை பெருக்கப்பட்டு வருகிறது. வளைவோடு ஒப்பிடும் அளவில் ஒரே முறை. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் விகிதம் கழிந்துபோய், நிறை உண்மையில் எவ்வளவு திரண்டிருக்கிறது என்பது மிஞ்சும்.

அந்த எண்ணுக்காகத்தான் இத்தனை பாடும். சில கேலக்ஸி ஆய்வுகள், ஆதி ஒளியிலிருந்து கணிப்பதைவிடப் பொருள் குறைவாகவே திரண்டிருப்பதாகச் சொல்லிவந்தன. 2023இல் சிலியிலுள்ள அடகாமா நுண்ணலைத் தொலைநோக்கியின் படத்திலிருந்து கிடைத்த வளைவு வரைபடத்தை, வைஸ் செயற்கைக்கோளின் படங்களில் தெரிந்த சுமார் 50 கோடி கேலக்ஸிகளோடு ஒப்பிட்டபோது, விடை கணிப்போடு ஒத்துப்போனது. ஆனாலும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தொலைதூரக் கேலக்ஸிகளின் தூசியும் நுண்ணலை அலைவரிசைகளில் ஒளிர்கிறது. அது இரண்டு வரைபடங்களிலும் புகுந்து பொய்யான ஒற்றுமையைக் காட்டிவிடலாம். அதனால்தான் ஒரே வானத்தைப் பல அலைவரிசைகளில் படமெடுத்துத் தூசியைக் கழித்துப் பார்க்கிறார்கள்.