ஃபெஸ் மதீனாவில் கைடு: அட்டை எண்ணைக் குறித்துக்கொள்ளாமல் ஓர் அடி எடுத்து வைக்காதீர்கள்

மொராக்கோவின் ஃபெஸ் நகரத்துக்குப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்: மதீனா எனப்படும் பழைய நகரத்துக்குள் நடக்கக் கைடு கட்டாயம் இல்லை. தனியாகவோ குடும்பத்தோடோ பாப் பூ ஜெலூத் வாசல் வழியாக நேரே உள்ளே போகலாம். நுழைவுக் கட்டணம் இல்லை, அனுமதிச் சீட்டும் இல்லை. "கைடு இல்லாமல் போனால் போலீஸ் பிடிக்கும்", "இந்தத் தெரு ஊர்க்காரர்களுக்கு மட்டும்", "அந்தப் பக்கம் இன்று மூடியிருக்கிறது" என்றெல்லாம் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவார்கள். அப்படி எந்த விதியும் கிடையாது. பதில் பேசாமல் நடையைக் கட்டுங்கள்.

கைடு வேண்டுமா என்றால், பலருக்கும் வேண்டும்தான். ஆயிரக்கணக்கான சந்துகள். இருபுறமும் உயர்ந்த சுவர்கள் நெருக்குவதால் போன் வரைபடம் அடிக்கடி தடுமாறும். சுவர்களில் நட்சத்திரக் குறியோடு வண்ண வாரியாகச் சுற்றுப்பாதைப் பலகைகள் இருக்கின்றன, ஆனால் ஒரு திருப்பத்தில் பலகையைத் தவறவிட்டால் கதை முடிந்தது. நல்ல கைடு அரை நாளில் காட்டுவதைத் தனியாகத் தேடிப் பார்க்க இரண்டு நாள் பிடிக்கும். ஆகவே யாரை வைக்கிறோம் என்பதில்தான் கவனம் வேண்டும். ஏமாந்தவர்களில் பெரும்பாலோர் முதல் ஐந்து நிமிடத்தில் கேட்க வேண்டியதைக் கேட்காமல் விட்டவர்கள்.

சட்டம் சொல்வது

மொராக்கோவில் சுற்றுலாக் கைடு தொழிலை ஒழுங்குபடுத்துவது 2012-இல் வந்த 05-12 எண் சட்டம். சுற்றுலா அமைச்சகம் அட்டை கொடுத்தவர் மட்டுமே இந்தத் தொழிலைச் செய்யலாம். வேலையில் இருக்கும்போது அந்த அட்டை வெளியே தெரியும்படி இருக்க வேண்டும். அட்டை இல்லாமல் இந்த வேலையைச் செய்வது தண்டனைக்குரிய குற்றம். பின்னர் வந்த திருத்தம், படிப்புச் சான்று இல்லாமல் களத்தில் பழகித் தேர்ந்தவர்கள் தேர்வு எழுதி அட்டை பெற வழி திறந்தது. சட்டத்தில் உங்களுக்குத் தேவையானது இவ்வளவுதான்.

அட்டையிலேயே இருக்கும் பொறி

உண்மையான அமைச்சக அட்டை வைத்திருப்பவரே தவறான ஆளாக இருக்கலாம். சட்டத்தில் கைடுகள் இரண்டு வகை. ஒன்று, நகரங்களுக்கும் சுற்றுலாப் பாதைகளுக்குமான கைடு. மற்றொன்று, மலை, பாலைவனம் போன்ற இயற்கைப் பகுதிகளுக்கான கைடு. இரண்டாவது வகைக்காரருக்கு அட்லஸ் மலையில் உங்களை நடத்திக் கூட்டிப்போக உரிமை உண்டு. ஃபெஸ் மதரஸாவுக்குள் நின்று விளக்கம் சொல்ல உரிமை இல்லை. அட்டை அசல், முத்திரை அசல், படமும் அவருடையதே. வகை மட்டும் வேறு. பிறகு தகராறு என்று வந்தால் சுற்றுலாத் துறை அலுவலகத்தில் முதல் கேள்வியே "என்ன வகை அட்டை?" என்பதுதான். அட்டையைக் கையில் வாங்கி மூன்றைப் பாருங்கள்: படம், எண், வகை. பிரெஞ்சு தெரியாவிட்டாலும் "வில்" (ville) என்றால் நகரம் என்று நினைவில் வையுங்கள். அந்தச் சொல் இருக்கிறதா என்று தேடுங்கள். கேட்டுக்கொண்டு ஒரு படம் எடுத்துவிடுங்கள். முறையான கைடுக்கு இது பழகிப்போன விஷயம், முகம் சுளிக்க மாட்டார். சுளித்தால் வேறு ஆளைப் பாருங்கள்.

கழுத்தில் தொங்கும் எல்லாமே அட்டை ஆகாது. சங்க உறுப்பினர் அட்டை, மாணவர் அட்டை, "அஃபிஷியல் கைடு" என்று அச்சடித்த பனியன், கடை வாசலில் தொங்கும் "சுற்றுலாத் தகவல் மையம்" பலகை, இவற்றில் எதற்கும் சட்ட மதிப்பு இல்லை. ரியாத் (நடுமுற்றம் வைத்த பழைய வீட்டு) விடுதி வாசலிலிருந்து உங்களைக் கூட்டிப்போக வரும் பையனும் கைடு அல்ல. பெட்டி தூக்க வந்தவர் மறுநாள் காலை "நானே சுற்றிக் காட்டுகிறேன்" என்று நிற்பார். ரயிலில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "என் அண்ணன் ஃபெஸில் கைடு" என்று நட்பாகப் பேசுகிறவரும் இந்த வரிசையில்தான் வருகிறார்.

இணையத்தில் முன்பதிவு செய்தவர்களுக்கு வேறொரு சிக்கல். தளத்தில் பெயருக்குப் பக்கத்தில் இருக்கும் "சரிபார்க்கப்பட்டது" குறி அந்தத் தளத்தின் குறி, அமைச்சகத்துடையது அல்ல. "இலவச நடைச் சுற்றுலா, விரும்பியதைக் கொடுங்கள்" என்ற விளம்பரங்களுக்கும் அட்டை விதி அப்படியே பொருந்தும். பணம் வாங்கும் விதம் மாறினால் சட்டம் மாறிவிடாது. எல்லாம் சரியாக இருந்தாலும் ஆள்மாற்றம் நடக்கும். பதிவில் ஒருவர், காலையில் வாசலில் நிற்பது அவருடைய மைத்துனர். "அவருக்கு உடம்பு சரியில்லை, நானும் அவரும் ஒன்றுதான்" என்பார். ஒன்று அல்ல. அட்டை ஆளுக்குரியது, கைமாற்ற முடியாது. புது ஆளின் அட்டையைக் கேளுங்கள், இல்லையென்றால் சுற்றுலாவை நிறுத்துங்கள். அந்த நிமிடத்தில் நிறுத்தினால் போவது ஒரு காலைப்பொழுது. மூன்று மணி நேரம் நடந்தபின் சண்டை போட்டால் பணமும் போகும், மனமும் நோகும்.

குழுவாகப் போகிறவர்களுக்கு: ஊரிலிருந்து கூடவே வரும் டூர் மேனேஜர் ஓட்டல், பஸ், சாப்பாடு பார்த்துக்கொள்ளலாம். மதீனாவில் நின்று வரலாறு சொல்ல அவருக்கு அட்டை இல்லை. சுற்றுலாப் போலீஸ் தடுத்தால் குழு முழுவதும் நடுத்தெருவில் நிற்கும். பேக்கேஜில் "ஃபெஸ் நடைச் சுற்றுலா உண்டு" என்று போட்டிருந்தால், அமைச்சக அட்டை உள்ள உள்ளூர் கைடின் கட்டணம் அதில் சேர்ந்ததா என்று பணம் கட்டும் முன் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையை நம்பி வந்தவர்கள் அங்கே போய்த் தலைக்கு இவ்வளவு என்று மறுபடி கொடுத்திருக்கிறார்கள்.

யாராலும் உள்ளே கூட்டிப்போக முடியாத இடங்கள்

859-இல் தொடங்கிய அல் கராவிய்யீன் பள்ளிவாசலுக்குள்ளும், மன்னர் மௌலாய் இத்ரீஸ் II அடக்கத்தலத்துக்குள்ளும் முஸ்லிம் அல்லாதவர்களுக்கு அனுமதி இல்லை. திறந்திருக்கும் கதவுக்கு வெளியே நின்று முற்றத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான். "எனக்குக் காவலாளியைத் தெரியும், கொஞ்சம் கொடுத்தால் உள்ளே விடுவார்" என்பது அப்பட்டமான பொய். தொழ வரும் முஸ்லிம்களுக்கு எந்தக் கட்டணமும் இல்லை, நடுவில் ஆளும் தேவையில்லை. அவர்களிடமும் "ஏற்பாட்டுச் செலவு" கேட்கிறவர்கள் உண்டு, கொடுக்காதீர்கள். ஃபெஸ் ஜெதீத் ("புதிய ஃபெஸ்") பகுதியில் உள்ள அரண்மனையும் அப்படித்தான். பளபளக்கும் பித்தளைக் கதவுகளை வெளியே நின்று பார்க்கலாம். உள்ளே போக வழியே இல்லை.

பூ இனானியா மதரஸா, அத்தாரீன் மதரஸா, நஜ்ஜாரீன் மர அருங்காட்சியகம் இவற்றுக்குள் எல்லோரும் போகலாம். சீட்டு வாசலில் உள்ள கவுண்டரில் கிடைக்கும், ஆளுக்குச் சில பத்து திர்ஹாம். கைடு கட்டணத்தில் இது பொதுவாகச் சேராது. "நானே வாங்கி வருகிறேன்" என்று மொத்தமாகப் பணம் கேட்டால், கூடவே போய் நீங்களே வாங்குங்கள்.

சுவாரா தோல் பதனிடும் களம் தனி விவகாரம். மேலிருந்து சாயத் தொட்டிகளைப் பார்க்க உதவும் மாடிகள் எல்லாம் தோல் கடைகளுக்குச் சொந்தம். அரசு நுழைவுச் சீட்டு என்று ஒன்று அங்கே இல்லை. சந்தில் நின்று "நுழைவுக் கட்டணம்" வாங்குகிறவர் தன் பைக்காக வாங்குகிறார். நாற்றத்துக்கு மூக்கில் வைத்துக்கொள்ளப் புதினாக் கொத்து கையில் தருவார்கள், மாடி ஏறிப் பார்ப்பீர்கள், இறங்கும் வழி கடைக்குள்ளேதான் இருக்கும். வாங்கியே ஆக வேண்டிய கடமை எதுவும் இல்லை. காட்டியவருக்குச் சில்லறையாக ஏதாவது கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடலாம்.

கிளம்பும் முன் எழுத்தில்

கட்டணத்தை முன்கூட்டியே பேசி முடியுங்கள். முதல் நாள் இரவே வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி அனுப்பிப் பதில் வாங்குங்கள். அதில் இவை இருக்கட்டும்: எத்தனை பேர், எந்த மொழி, எத்தனை மணிக்கு எங்கே சந்திப்பு, எத்தனை மணி நேரம், எந்தெந்த இடங்கள், மொத்தத் தொகை திர்ஹாமில், தொகை ஆளுக்கா குழுவுக்கா, சீட்டும் டாக்சியும் யார் செலவு, அட்டை எண், கடைக்கு அழைத்துப்போகக் கூடாது. "ஆளுக்கா குழுவுக்கா" என்பதை விட்டுவிட்டால் நாலு பேர் குடும்பத்துக்கு முடிவில் நாலு மடங்கு கேட்பார்கள். தொகைக்குப் பக்கத்தில் "திர்ஹாம்" இல்லாவிட்டால் அது யூரோ ஆகிவிடும். ஒரு யூரோ பத்துத் திர்ஹாமுக்கும் மேல்.

டாக்சியைப் பற்றி யாரும் சொல்வதில்லை. ஃபெஸின் சிவப்பு நிறச் சிறு டாக்சியில் மூன்று பயணிகளுக்கு மேல் ஏற்றக் கூடாது. நீங்கள் மூன்று பேர், கைடு ஒருவர் என்றால் மெரீனித் கல்லறைக் குன்றுக்கோ, பழைய யூதர் குடியிருப்பான மெல்லாவுக்கோ போக இரண்டு வண்டி வேண்டும். இரண்டாவது வண்டிக்கு யார் கொடுப்பது என்பதில் சுற்றுலாவே கெட்டுப்போயிருக்கிறது.

கடை விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கம்பளமோ தோல் பையோ நீங்கள் வாங்கினால் விலையில் ஒரு பங்கு அழைத்து வந்தவருக்குப் போகும் வழக்கம் உண்டு. அந்தப் பங்கும் நீங்கள் கொடுக்கும் விலைக்குள்தான் இருக்கிறது. அட்டை உள்ள கைடுகளும் இதைச் செய்கிறார்கள். "கூட்டுறவுச் சங்கம், அரசு விலை" என்று சொல்லி உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துக் கம்பளத்தை விரித்தபின், வயதானவர்களுக்கும் கூச்ச சுபாவம் உள்ளவர்களுக்கும் எழுந்து வரவே வாய் வராது. "ஏழு நாளுக்குள் திருப்பித் தரலாம், சட்டமே இருக்கிறது" என்று கடைக்காரர் சொன்னால் நம்பாதீர்கள். 31-08 எண் நுகர்வோர் சட்டத்தில் உள்ள அந்த 7 நாள், தொலைவிலிருந்தோ வீடு தேடி வந்தோ விற்றதற்கானது. நீங்களே கடைக்குள் நடந்துபோய் வாங்கியதற்கு அது கிடையாது. கார்டு தேய்க்கும் முன் இயந்திரத்தில் தொகையோடு நாணயத்தையும் பாருங்கள்.

புகார் கொடுக்கப் போனால்

இங்கேதான் அலைக்கழிப்பு. சுற்றுலாப் போலீஸிடம் போனால், அட்டை உள்ள கைடு என்றால் "சுற்றுலாத் துறை அலுவலகத்துக்குப் போங்கள்" என்பார்கள். அங்கே போனால், கடையில் போன பணம் என்றால் "அது எங்கள் வேலை இல்லை" என்பார்கள். கைடு பெயர் மட்டும் தெரியும் என்றால் பேச்சே எழாது. ஒரே பெயரில் எத்தனையோ பேர். மறுநாள் உங்களுக்கு விமானம் என்பது மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கும் தெரியும். நாலு நாள் இழுத்தால் புகார்க்காரர் ஊரில் இருக்க மாட்டார்.

ஆகவே பிரித்துக்கொண்டு போங்கள். அட்டையே இல்லாதவர் தொல்லை கொடுத்தால், மிரட்டினால், அது போலீஸ் விவகாரம். நகரத்தில் 19-ஐ அழையுங்கள், அல்லது பூ ஜெலூத் பக்கம் நிற்கும் சுற்றுலாப் போலீஸிடம் சொல்லுங்கள். பல நேரம் போனை வெளியே எடுத்தாலே ஆள் நகர்ந்துவிடுவார். அட்டை உள்ளவர் ஒப்புக்கொண்டதை மீறினால், சுற்றுலா அமைச்சகத்தின் உள்ளூர்ப் பிரதிநிதி அலுவலகம். அங்கே வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள். ஒரு பக்கத்துக்குள் பிரெஞ்சிலோ அரபியிலோ எழுதிக்கொள்ளுங்கள். விடுதிக்காரரிடம் கேட்டால் எழுதித் தருவார். ஆங்கிலத்தில் கொடுத்தால் மொழிபெயர்ப்பைக் காரணம் காட்டி ஓரமாக வைத்துவிடுவார்கள். பாஸ்போர்ட் நகல், அட்டைப் படம், வாட்ஸ்அப் செய்தியின் படம் இவற்றை இணையுங்கள். இரண்டு பிரதி எடுங்கள். அதிகாரியைத் தேடி அலையாமல், தபால் பதிவு செய்யும் "பூரோ தோர்த்ர்" எங்கே என்று கேட்டு, ஒரு பிரதியைக் கொடுத்து, மற்றதில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். முத்திரை விழாத காகிதம் அங்கே காகிதமே அல்ல.

வெள்ளிக்கிழமை மதியம் தொழுகை நேரத்தில் போய்ப் பயனில்லை. அன்று மதீனாவிலும் பாதிக் கடை மூடியிருக்கும், சுற்றுலாவையே வேறு நாளில் வைப்பது நல்லது. ரமலானில் அலுவலக நேரம் குறையும். சனி, ஞாயிறு விடுமுறை. வெள்ளி மாலை ஏமாந்தவர் திங்கள்வரை ஊரில் இருந்தால்தான் உண்டு. இருக்க முடியாதவர், முத்திரை வாங்கி வரும்படி கையெழுத்திட்ட இரண்டு பிரதியையும் விடுதிக்காரரிடம் கொடுத்து, முத்திரை விழுந்ததும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள்.

மொராக்கோ நண்பரோடு நடக்கிறவர்களும் கவனிக்க வேண்டும். அட்டை இல்லாத கைடு என்று சந்தேகித்துப் போலீஸ் நிறுத்துவது உங்களை அல்ல, அவரை. அவர் பெயரும் அவரை எப்படித் தெரியும் என்பதும் உங்கள் வாயிலிருந்து தடுமாறாமல் வர வேண்டும். அவர் கையில் நீங்கள் பணம் கொடுக்கும் காட்சி தெருவில் நடக்க வேண்டாம். சாப்பாட்டுக் கணக்கை விடுதிக்குப் போய்த் தீர்த்துக்கொள்ளுங்கள்.