கால் பின்வீரர்னா யாருங்க? குவார்ட்டர்பேக் படும் பாடு

சார்லி வார்டுன்னு ஒரு அமெரிக்க ஆட்டக்காரர். அவரைப் பத்தி தமிழ்ல ஒரு கட்டுரை நேத்து கண்ணுல பட்டுச்சு. காலேஜ்ல கால் பின்வீரரா இருந்தாராம், வரைவு செய்யப்படாததால நியூயார்க் போயி புள்ளிக் காவலரா பத்து வருஷம் பணியாற்றினாராம். விஷயம் தெரியாதவங்க படிச்சா என்ன நெனப்பாங்க? பாவம் கால்ல ஏதோ குறை, கல்யாணமும் அமையல, கடைசில போலீஸ்ல சேர்ந்து பொழச்சுக்கிட்டாருன்னுதான் நெனப்பாங்க.

புள்ளிக் காவலருக்கு அப்புறம் வரேன். மொதல்ல இந்த கால் பின்வீரர். அமெரிக்கக் கால்பந்துல, அதாவது பந்தைக் கையால எறிஞ்சும் தூக்கிட்டு ஓடியும் ஆடுற ஆட்டத்துல, தாக்குற அணியை நடத்துற ஆளுக்குக் குவார்ட்டர்பேக்னு பேரு. அவரை இப்படிப் போடறதை எத்தனையாவது தடவையா பாக்குறேன்னு எனக்கே கணக்கு இல்ல.

பேர் வந்த கதை சின்னது. ரக்பிலேருந்து வந்தது. முன்வரிசைக்குப் பின்னாடி நிக்கிறவங்க எல்லாம் பேக். அதுல கடைசில நிக்கிறவர் ஃபுல்பேக், பாதி தூரத்துல ஹாஃப்பேக், கால்வாசி தூரத்துல குவார்ட்டர்பேக். 1880ல யேல் பல்கலைக்கழகத்து ஆளு வால்ட்டர் கேம்ப் முயற்சியில அமெரிக்காவுல ஒரு விதி வந்துச்சு. நடுவுல இருக்கிறவர் பந்தைத் தரைல வெச்சு காலாலயே பின்னாடி தள்ளணும், அதை மொதல்ல வாங்குறவர்தான் குவார்ட்டர்பேக், வாங்குனவர் பந்தோட தானா முன்னாடி பாயக்கூடாது. முன்னாடி பந்தை எறியறதுக்கே 1906லதான் அனுமதி கெடச்சுது. அதாவது பேர் வெச்சப்ப அவரு வாங்கி அடுத்தவன் கைல குடுக்கிற ஆளு, அவ்வளவுதான். வேலை எங்கேயோ போயிருச்சு, பேர் மட்டும் அங்கேயே நிக்குது.

இன்னிக்கு நெலமை என்னன்னா அந்தக் கால்வாசி கணக்கே செல்லாது. ஷாட்கன்னு ஒரு அமைப்பு இருக்கு, அதுல குவார்ட்டர்பேக் நல்லா அஞ்சு கஜம் பின்னாடி தள்ளி நிப்பாரு, ஓடுற ஆளு அவருக்குப் பக்கத்துலயே நிப்பாரு. அப்புறம் எதுல கால், எதுல அரை? இங்கிலீஷ்லயே பொருள் செத்துப்போன ஒரு சொல்லைத் தோண்டி எடுத்து நாம ஏன் தமிழ்ல மொழிபெயர்க்கணும்?

இதுக்கு ஒரு தனித்தமிழ் நண்பர் என்கிட்ட மல்லுக்கு நின்னாரு. முக்கால், அரை, கால், அரைக்கால், மாகாணின்னு நம்மகிட்ட எவ்வளவு அழகான பின்னக் கணக்கு இருக்கு, அதனால முழுப்பின்னர், அரைப்பின்னர், காற்பின்னர்னு வெச்சா வரிசையா வந்து உக்காருதே அப்படின்னாரு. உக்காருது, இல்லைங்கல. ஆனா இது கால்பந்துங்க. கால்பந்துன்னு எழுதி அடுத்த வரில காற்பின்னர்னு எழுதினா எவனுக்கு நாலுல ஒண்ணு ஞாபகம் வரும்? பாதம்தான் வரும், பந்தை உதைக்கிற ஆளுன்னுதான் நெனப்பான். இதுல வேடிக்கை, சார்லி வார்டு 1989ல ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்துல சேர்ந்த மொத வருஷம் நெசமாவே பந்தை உதைக்கிற பன்ட்டராத்தான் ஆடினாரு. அந்தப் பேர் பொருந்துன ஒரே வருஷத்துல அவரு குவார்ட்டர்பேக்கே இல்ல!

பின்வீரர் இன்னும் மோசம். நம்ம பேப்பர்ல சாதா கால்பந்து செய்தி படிக்கிறவனுக்குப் பின்களம்னா தடுப்பாட்டம். தாக்குற அணியோட மூளையைக் கொண்டுபோயி கோல்கீப்பர் பக்கத்துல நிறுத்தினா எப்படி? அணித்தலைவர்னு சில பேர் எழுதறாங்க, கேப்டன் வேற, இவரு வேற. பந்து எறிபவர்னும் பாத்திருக்கேன். எறியறது அவரு வேலைல ஒண்ணு, அவ்வளவுதான்.

சரி குவார்ட்டர்பேக்னே எழுதிடலாமேன்னா எனக்குப் பெரிய ஆட்சேபணை இல்ல. ஆனா ஒரு தடவை டிவில மேட்ச் ஓடிட்டு இருக்கும்போது எங்க மாமா, என்னடா மாப்ள, கமெண்டரில நிமிஷத்துக்கு ஒரு தடவை குவார்ட்டர் கேக்குறான்னாரு. நம்ம ஊர்ல அந்தச் சொல்லுக்கு 180 மில்லிதான் பொருள், அதை யாராலயும் மாத்த முடியாது.

அப்ப என்ன சொல்றது? நிக்கிற எடத்தை விடுங்க, வேலையைப் பாருங்க. பந்து கைக்கு வர்றதுக்கு முன்னாடியே எதிரணி எப்படி நிக்குதுன்னு பாக்குறாரு, புடிக்கலன்னா அங்கேயே கத்தி திட்டத்தை மாத்துறாரு, பந்து வந்ததும் ரெண்டு மூணு செகண்டுக்குள்ள ஓடுறவன் கைல திணிக்கிறதா, தூரத்துல ஓடுறவனுக்கு எறியறதா, தானே ஓடிடறதான்னு முடிவு பண்றாரு. வாலிபால் ஆடினவங்களுக்குச் சட்டுனு புரியும், செட்டர் பாக்குற வேலை இது. அதனால நான் சொல்றது ஆட்டநடத்தி. ஆட்டநடத்துநர்னு போட்டா விசில் ஊதி டிக்கெட் கேப்பாரோன்னு இருக்கும். இகரத்துல முடிஞ்சா ஆள் மாதிரி இல்லையேன்னு நண்பர் அதுக்கும் வந்தாரு. கதைசொல்லின்னா ஆள்தானே, வழிகாட்டின்னா ஆள்தானே?

இந்தச் சொல்லுக்குச் சாட்சியே சார்லி வார்டுதான். 1993 சீசன்ல 27 டச்டவுன் (எதிரணியோட கடைசி எல்லைக்குள்ள பந்தைச் சேர்க்கிற ஸ்கோர்) எறிஞ்சாரு, எதிராளி கைல போனது வெறும் 4. காலேஜ் கால்பந்துல சிறந்த ஆட்டக்காரருக்குக் குடுக்கிற ஹைஸ்மன் டிராபி அவருக்கு. 1994 ஜனவரி 1 அன்னிக்கு ஆரஞ்ச் பவுல்ங்கிற மேட்ச்ல நெப்ராஸ்காவை 18-16னு ஜெயிச்சு ஃப்ளோரிடா ஸ்டேட் சாம்பியன். அதே காலேஜ்ல கூடைப்பந்தும் ஆடினாரு, பாயின்ட் கார்டா. அதைத்தான் புள்ளிக் காவலர்னு போட்டுட்டாங்க. அவரு ஆடின கால்பந்து பாணிக்கே ஃபாஸ்ட் பிரேக்னு கூடைப்பந்துலேருந்துதான் பேர் எடுத்தாங்க. காலேஜ் ஆட்டக்காரங்களைத் தொழில்முறை அணிகள் எடுக்கிற டிராஃப்ட்ல, மொத ரவுண்டுல எடுக்கலன்னா கால்பந்து ஆடமாட்டேன்னு சொல்லிட்டாரு, ஆறடி ரெண்டங்குலம் பத்தாதுன்னு பேச்சு வேற, ஏழு ரவுண்டுலயும் ஒரு அணியும் எடுக்கல. அந்த வருஷமே நியூயார்க் நிக்ஸ் கூடைப்பந்துல 26வது ஆளா எடுத்துக்கிச்சு. மொத்தம் 11 சீசன், அதுல பெரும்பகுதி நிக்ஸ்ல, கடைசில சான் அன்டோனியோ, ஹூஸ்டன். பாயின்ட் கார்டு என்ன பண்றாரு? பந்தைக் கொண்டுவராரு, எதிரணியைப் படிக்கிறாரு, யாருக்குக் குடுக்கணும்னு முடிவு பண்றாரு. ரெண்டு ஆட்டம், ரெண்டு இங்கிலீஷ் பேர், வேலை ஒண்ணே ஒண்ணு. ஆட்டநடத்தின்னு போட்டுட்டா ரெண்டுக்கும் ஆச்சு, புள்ளிக் காவலரையும் லாக்கப்லேருந்து வெளில விட்ரலாம்.

வரைவு கதைக்கு வருவோம். டிராஃப்ட்னா அகராதில மொதல்ல கெடச்சதை எடுத்துப் போட்டுட்டாங்க. அது கடிதம் எழுதுற டிராஃப்ட்டுங்க. அகப்பாட்டு படிச்சவனுக்கு வரைவுன்னா கல்யாணம், தோழி வரைவு கடாவுறது ஞாபகம் வரும். சில பேர் ஏலம்னு போடறாங்க, ஐபிஎல் புண்ணியம். ஆனா இங்க யாரும் வெலை ஏத்துறது இல்ல, போன வருஷம் கடைசில வந்த அணி மொதல்ல ஒரு ஆளை எடுக்கும், அப்புறம் அடுத்த அணி. தெருவுல கிரிக்கெட் ஆட ரெண்டு பேர் மாத்தி மாத்தி ஆள் பிரிப்போமே, அதேதான். ஆள்பிரிப்புன்னு போட்டா என்ன கொறஞ்சிடும்? கொச்சையாம். எட்டு வயசுப் பையனுக்குப் புரியற சொல்லு கொச்சை, எம்ஏ தமிழ் படிச்சவனும் தப்பாப் புரிஞ்சுக்கிற சொல்லு செந்தமிழ்!

ஆட்டம் முடிச்சப்புறம் வார்டு ஸ்கூல் பசங்களுக்குக் கோச்சா போனாரு. ஹூஸ்டன்ல, பென்சகோலால, அப்புறம் தான் படிச்ச ஊரு டலஹாசிக்கே திரும்பி அங்க கூடைப்பந்துக்கு. அதை மட்டும் அந்தக் கட்டுரைல ஒழுங்கா பயிற்சியாளர்னு போட்டிருந்தாங்க. கோச்சுன்னதும் ரயில் பெட்டின்னு எழுதாம விட்டாங்களே.