அன்-இன்கார்ப்பரேட்டட் கம்யூனிட்டி: ‘ஒருங்கிணைக்கப்படாத சமூகம்’ இல்லை

அமெரிக்கச் சிற்றூர் எதையாவது பற்றித் தமிழில் தேடிப் படித்திருந்தால் இந்தத் தொடர் உங்கள் காலை இடறியிருக்கும்: ‘இது டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஒரு ஒருங்கிணைக்கப்படாத சமூகம்.’ படித்ததும் என்ன தோன்றும்? ஊர் இரண்டு கட்சியாகக் கிடக்கிறது, போன வருஷத் திருவிழாவில் ஏதோ தகராறு, இன்னும் பேச்சுவார்த்தை முடியவில்லை என்றுதானே?

அப்படி ஒன்றும் இல்லை. ‘அன்-இன்கார்ப்பரேட்டட் கம்யூனிட்டி’ என்ற ஆங்கிலத் தொடரைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது அது. அந்த ஊருக்கென்று தனி நகராட்சி மன்றம் கிடையாது, அவ்வளவுதான் சேதி. ஊர்க்காரர்கள் ஒற்றுமையாகத்தான் இருப்பார்கள். அல்லது மூன்றே பேர் இருப்பார்கள்.

அகராதியில் பக்கத்துக்குப் பக்கம் பார்த்து எடுத்த இரண்டு சொற்கள் இந்தத் தொடரில் இருக்கின்றன, இரண்டுமே தவறாக உட்கார்ந்திருக்கின்றன. முதலில் ‘கம்யூனிட்டி’. இந்த இடத்தில் அதற்கு ஊர், குடியிருப்பு என்று பொருள். ‘சமூகம்’ என்றால் நம் பக்கத்தில் மனம் எங்கே போகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ‘நீங்க என்ன சமூகம்?’ என்று கேட்பவர் ஊர்ப்பெயரையா கேட்கிறார்?

அடுத்தது ‘இன்கார்ப்பரேட்டட்’. இதன் வேர் லத்தீனில் உடலைக் குறிக்கும் ‘கார்ப்புஸ்’. உடலுக்குள் சேர்ப்பது, பலரை ஓருடலாக்குவது என்பது வினையின் பொருள். சட்டம் இதைக் கொஞ்சம் விசித்திரமாக எடுத்துக்கொண்டது. பத்துப் பேரோ பத்தாயிரம் பேரோ சேர்ந்து சட்டத்தின் கண்ணில் ஒரே ஆளாகிவிடலாம். அந்த ஆள் நிலம் வாங்கலாம், கடன் படலாம், வழக்குப் போடலாம், வழக்கில் மாட்டவும் செய்யலாம். உறுப்பினர்கள் ஒவ்வொருவராகப் போய்ச் சேர்ந்தாலும் அது மட்டும் சாகாது. கம்பெனிக்கும் இதே ஏற்பாடுதான், நகரத்துக்கும் இதே ஏற்பாடுதான்.

இந்தச் சொல் நமக்குப் புதிதும் இல்லை. 1687 டிசம்பரில் கிழக்கிந்தியக் கம்பெனி கொடுத்த சாசனத்தின்படி 1688 செப்டம்பர் 29 அன்று மதராஸ் நகரத்துக்குக் கார்ப்பரேஷன் வந்தது. அதாவது மதராஸ் ‘இன்கார்ப்பரேட்’ ஆனது. அன்றிலிருந்து கார்ப்பரேஷன் குழாய், கார்ப்பரேஷன் பள்ளிக்கூடம், கார்ப்பரேஷன் லாரி என்று அந்த லத்தீன் உடல் நம் தெருவில் நடமாடிக்கொண்டுதான் இருக்கிறது. பாதிச் சொல் நமக்குத் தெரியும். முன்னால் ஒட்டியிருக்கும் ‘அன்’தான் குழப்புகிறது.

குழப்பத்துக்குக் காரணமும் உண்டு. தமிழ்நாட்டில் எந்தக் குக்கிராமத்தை எடுத்தாலும் அது ஏதாவது ஒரு ஊராட்சிக்குள் வந்துவிடும். சுமார் 12,500 ஊராட்சிகள். ஒவ்வொன்றுக்கும் கீழே பட்டி, பாளையம், காலனி என்று ஐந்தாறு குடியிருப்புகள். தலைவர் இல்லாத ஊர் என்பது நமக்குக் கற்பனையில் வராது. அமெரிக்காவில் பெரும்பாலான மாநிலங்களில் கதை வேறு. மாநிலம் நம் மாவட்டம் மாதிரியான கவுண்டிகளாகப் பிரிந்திருக்கும், அது மேலிருந்து போட்ட கோடு. நகரம் மட்டும் கேட்டால்தான் கிடைக்கும். ஊர்க்காரர்கள் மனுக் கொடுத்து, வாக்கெடுப்பு நடத்தி, மாநிலச் சட்டப்படி மன்றம் அமைத்துக்கொள்ள வேண்டும். டெக்சாஸில் அதற்குக் குறைந்தபட்சத் தலைக்கணக்கே உண்டு: 201 பேர். மன்றம் வந்தால் மேயர் வருவார், உள்ளூர் வரி வரும், எங்கே கடை எங்கே வீடு என்ற விதி வரும். ‘இதெல்லாம் நமக்கு எதுக்கு?’ என்று நினைக்கும் ஊர் மனுவே கொடுக்காது. காவலுக்குக் கவுண்டி ஷெரிப், சாலைக்குக் கவுண்டி, தீப்பிடித்தால் பல இடங்களில் தொண்டர்களே நடத்தும் தீயணைப்புக் குழு. வண்டி ஓடிவிடும்.

அப்படி ஓடிய ஊர்களில் எனக்குப் பிடித்தது டெக்சாஸின் கில்லெஸ்பி கவுண்டியில் இருக்கும் லூக்கன்பாக். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் ஜெர்மன் குடியேறிகள் அந்தப் பக்கம் வந்து விவசாயம் செய்தார்கள். 1854இல் அங்கே ஒரு அஞ்சலகம் வந்தது. அதன் பெயர் சவுத் கிரேப் கிரீக், பக்கத்து ஓடையின் பெயர். 1886இல் அஞ்சலகம் மறுபடி திறந்தபோது எங்கல் குடும்பத்துப் பெண் மின்னா, தான் மணக்கவிருந்த ஆல்பர்ட் லூக்கன்பாக்கின் பெயரை வைக்கச் சொன்னார். ஊருக்குப் பெயர் வந்தது மன்றத் தீர்மானத்தால் அல்ல, ஒரு கல்யாணத்தால்.

மன்றம் இல்லாத ஊருக்கு அஞ்சலகம் வெறும் கடிதம் வாங்கும் இடம் மட்டும் இல்லை என்பதை இங்கே கவனிக்க வேண்டும். எல்லைக்கல் கிடையாது, பதிவேடு கிடையாது, முத்திரை கிடையாது. ஊர் இருக்கிறது என்பதற்கு அரசு தரும் முக்கியமான சாட்சி, உறையின் மேல் விழும் அந்த அஞ்சல் முத்திரைதான். 1901இல் அமெரிக்காவில் 76,945 அஞ்சலகங்கள் இருந்தன; இன்று அதில் பாதிகூட இல்லை. 1896இல் சோதனையாகத் தொடங்கிய திட்டம் ஒன்று கிராமத்து வீட்டு வாசலுக்கே கடிதத்தைக் கொண்டுவந்தது. நல்ல விஷயம்தான். ஆனால் அதனால் மளிகைக் கடை மூலையில் இருந்த சின்னச் சின்ன அஞ்சலகங்கள் ஆயிரக்கணக்கில் மூடப்பட்டன. அவற்றோடு ஊர்ப்பெயர்களும் மெல்ல வழக்கொழிந்தன.

லூக்கன்பாக்கில் 1904இல் 492 பேர் இருந்தார்கள். பருத்தி அரைவை ஆலை, கொல்லுப்பட்டறை, நடனக் கூடம் எல்லாம் உண்டு. ஒரே மரக்கட்டடத்தில் அஞ்சலகம், மளிகை, பீர்க்கடை. 1960களில் ஆள் கரைந்து ஊர் கிட்டத்தட்டக் காலி. 1970இல் எங்கல் குடும்பத்துப் பென்னோ செய்தித்தாளில் விளம்பரம் கொடுத்தார்: ஊர் விற்பனைக்கு, மக்கள்தொகை 3. ஹோண்டோ கிரௌச் என்ற பண்ணைக்காரர் கூட்டாளிகளோடு சேர்ந்து 30,000 டாலருக்கு வாங்கினார்.

ஊரை எப்படி ஐயா விற்க முடியும் என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் நம் சொல்லின் பொருள் பளிச்சென்று விளங்குகிறது. நகராட்சி என்றால் அது சட்டப்படி ஒரு ஆள். ஆளை விற்க முடியாது. லூக்கன்பாக்கில் அப்படி ஒரு ஆளே இல்லை. இருந்தது சில ஏக்கர் நிலம், கடை, நடனக் கூடம். விற்றது அதைத்தான். பெயர் கூடவே போனது.

வாங்கியதும் கிரௌச் தன்னை ‘மேயர்’ என்று அறிவித்துக்கொண்டார். மேயர் பதவியே இல்லாத ஊரில் யார் வேண்டுமானாலும் மேயர், யார் கேட்பது? அந்தக் குறும்பும் இசையும் சேர்ந்து ஊர் பிரபலமானது. 1977இல் ஊரின் பெயரைச் சொல்லி ஒரு ‘கண்ட்ரி’ இசைப் பாட்டு வெளிவந்து நாடெங்கும் ஒலித்தபோது அவர் இல்லை, முந்தைய ஆண்டே இறந்துவிட்டார். அஞ்சலகமும் 1971லேயே மூடியாகிவிட்டது. இன்றும் லூக்கன்பாக்குக்குக் கடிதம் போட்டால் முகவரியில் பக்கத்து ஊரான பிரெடரிக்ஸ்பர்க்கைத்தான் எழுத வேண்டும்.

அப்புறம், ஆள் குறைவு என்பதால் மன்றம் இல்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். நெப்ராஸ்காவில் மொனோவை என்று ஒரு ஊர். 2010 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1. ஆனால் அது சட்டப்படி மன்றம் உள்ள ஊர். அங்கே வாழ்ந்த மூதாட்டியே மேயர், எழுத்தர், நூலகர், மதுக்கடைக்காரர். கடைக்கு உரிமம் கேட்டு அவரே மனுப்போட்டு அவரே கையெழுத்திடுவார். 2020 கணக்கெடுப்பில் 2 பேர் என்று வந்தது. தனியாள் விவரம் வெளியே தெரியாமலிருக்கக் கணக்கெடுப்புத் துறை எண்களைக் கொஞ்சம் கலைத்துவிட்டதன் விளைவு அது. எதிர்ப்பக்கம் நெவாடாவின் பாரடைஸ்: 2020இல் 1,91,238 பேர், மன்றம் கிடையாது. லாஸ் வேகஸ் என்று நாம் படத்தில் பார்க்கும் சூதாட்டத் தெருவின் பெரும்பகுதி லாஸ் வேகஸ் நகரத்துக்குள் இல்லை, இந்தப் பாரடைஸில்தான் இருக்கிறது. நகரம் தங்களை விழுங்கி வரி போட்டுவிடக் கூடாது என்று விடுதி முதலாளிகள் 1950இல் செய்துகொண்ட ஏற்பாடு.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? ‘இணைக்கப்படாத பகுதி’ என்று சிலர் எழுதுகிறார்கள். நம் ஊரில் இணைப்பு என்றால் பக்கத்துக் கிராமத்தை மாநகராட்சியோடு சேர்ப்பது. அது வேறு செயல், வேறு சொல். ‘கூட்டிணைக்கப்படாத’ என்பது இலங்கைத் தமிழில் கம்பெனிச் சட்டத்துக்குப் பழகிய வேர். பிழை இல்லை, ஆனால் ஊருக்கு வைத்தால் விளங்க நேரமாகும்.

பழைய கல்வெட்டுகளில் இதைவிட நல்லது கிடக்கிறது. சோழர் காலத்தில் ஊர், நகரம் என்பவை குடியிருப்பின் பெயர்கள் மட்டும் அல்ல, அவற்றை ஆண்ட மன்றங்களின் பெயர்களும்கூட. பிராமணர் ஊர்களில் அந்த மன்றத்துக்குச் சபை என்று பெயர். நிலத்தை விற்றுக் கொடுக்கும்போது ‘ஊரோம்’, ‘சபையோம்’, ‘நகரத்தோம்’ என்று அந்த மன்றம் தன்மைப் பன்மையில் பேசும். ‘ஊராய் இசைந்த ஊரோம்’ என்ற தொடரே கல்வெட்டுகளில் வருகிறது. பலர் இசைந்து ஓருடலாகி ‘நாங்கள்’ என்று கையெழுத்திடுவது. லத்தீன்காரர் உடல் என்றதை நம்மவர் இசைவு என்றிருக்கிறார்கள். ‘ஊராய் இசையாத ஊர்’ என்று மொழிபெயர்த்தால் அழகாகத்தான் இருக்கும், ஆனால் மறுபடி அந்தத் திருவிழாத் தகராறு வாடை அடிக்கும். ஆகவே என் ஓட்டு ‘மன்றமில்லா ஊர்’ என்பதற்கு. எதிலே குறை என்பதைச் சொல் தானே சொல்லிவிடுகிறது, யாரையும் பிரித்து வைக்கவில்லை. லூக்கன்பாக் போன்றவற்றுக்கு ‘மன்றமில்லாச் சிற்றூர்’. கட்டுரையில் முதல் முறை அப்படி எழுதிவிட்டு, அடுத்த வரியிலிருந்து வெறும் சிற்றூர் என்றாலே போதும்.

நியூ ஜெர்சி போன்ற சில மாநிலங்களில் கொஞ்சம் நிதானிக்க வேண்டும். நியூ ஜெர்சியில் மன்றத்துக்கு வெளியே ஒரு அடி நிலம் கிடையாது. அங்கே இந்தப் பெயரோடு வரும் இடம் மன்றமுள்ள ஏதோ ஒரு டவுன்ஷிப்புக்குள் இருக்கும் குடியிருப்பு; தனக்கென்று மன்றம் இல்லை, ஆனால் மேலே ஒன்று இருக்கிறது. நம் ஊராட்சிக்குள் இருக்கும் குக்கிராமம் மாதிரியே. அதைக் குக்கிராமம் என்றே எழுதிவிடலாம். பாரடைஸை மட்டும் சிற்றூர் என்று எழுதிவிடாதீர்கள்.