சுண்ணாம்புச் சுவரில் சீமெந்துப் பூச்சு ஏன் பொரிகிறது?

கோணேசர் கோயிலை இடித்த கற்களைக் கொண்டே போர்த்துக்கேயர் 1620களில் திருகோணமலைக் கோட்டையைக் கட்டினார்கள். பின்னால் ஒல்லாந்தரும் அதைத் திருத்திக் கட்டினார்கள். கல்லையும் கல்லையும் பிணைக்க அன்று இருந்தது சுண்ணாம்புச் சாந்துதான். போர்ட்லண்ட் சீமெந்துக்குக் காப்புரிமை கிடைத்ததே 1824இல்.

நகரின் பழைய வீடுகளும் முருகைக்கல்லை, அதாவது கடலில் எடுத்த பவளப்பாறைக் கல்லை, அந்தச் சாந்தால் பிணைத்து எழுப்பியவையே. இப்போது அவற்றைப் புதுப்பிக்கிறவர்கள் முதல் வேலையாகச் சுவருக்குச் சீமெந்து பூசுகிறார்கள். சில மாரி கழிய அடிச்சுவரில் உப்புப் பூக்கிறது, பூச்சு பொரிந்து விழுகிறது. மேசனின் கைவேலையில் பிழை இருக்காது. பூசிய பொருளே அந்தச் சுவருக்குப் பொருந்தாதது.

முருகைக்கல்லும் சிப்பியும் கல்சியம் காபனேற்றால் ஆனவை. சூளையில் ஏறக்குறைய 900 பாகை செல்சியசில் சுட்டால் காபனீரொட்சைட்டு வெளியேறும். தூய கல் 100 கிலோ சுட்டால் மிஞ்சும் சுண்ணாம்பு 56 கிலோ. அதைத் தண்ணீர் விட்டு நீற்றி மணலுடன் குழைத்துப் பூசினால், இழந்த காபனீரொட்சைட்டைக் காற்றிலிருந்து திரும்ப எடுத்து மெல்ல மெல்ல மறுபடி கல்லாகிறது. இப்படி இறுகிய பூச்சில் நுண்துளைகள் ஏராளம். பழைய வீடுகளின் அத்திவாரத்தில் ஈரத்தடுப்பு கிடையாது. நிலத்து ஈரம் சுவரில் ஏறும், ஏறியது அந்தத் துளைகள் வழியே ஆவியாகிவிடும்.

சீமெந்துப் பூச்சு அந்த வழியை அடைக்கிறது. வெளியேற இடமில்லாத ஈரம் சுவரில் இன்னும் மேலே ஏறுகிறது. கடற்கரை ஊரில் அதில் உப்பும் கரைந்திருக்கும். கறியுப்பு, காற்றின் ஈரப்பதன் 75 சதவீதத்தைத் தாண்டினால் நீரை இழுத்துக் கரையும், குறைந்தால் படிகமாகும். வாடைக்காற்று மழையில் ஊறிய சுவர், கச்சான் என்னும் வரண்ட தென்மேற்குக் காற்று வீசும் நடுப்பகலில் காய்கிறது. பூச்சுக்குப் பின்னால் உப்பு கரைந்து கரைந்து படிகமாகும், ஒவ்வொரு தடவையும் துளைகளின் சுவரை நெரிக்கும். கடைசியில் பூச்சு கழரும்போது, சீமெந்து இறுகப் பிடித்திருந்த முருகைக்கல்லின் முகத்தையும் பெயர்த்துக்கொண்டு வருகிறது. இழப்பு அதுதான், பூச்சைத் திரும்பப் பூசலாம், கல்லை என்ன செய்வது?

கொங்கிரீட்டை வேண்டாம் என்று சொல்லவில்லை. அகன்ற அறைக்குத் தட்டுப் போடச் சுண்ணாம்பால் முடியாது. ஆனால் அதற்கும் கடலுப்புத்தான் எமன். கொங்கிரீட்டின் கடுங்காரம் உள்ளே இருக்கும் இரும்புக் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. உப்பிலுள்ள குளோரைட்டு உள்ளே போய்ச் சேர்ந்ததும் அந்தக் காப்பு உடைகிறது. துரு, அரித்த இரும்பைவிட 2 முதல் 6 மடங்கு வரை இடம் பிடிக்கும். அதனால் கம்பி ஓடும் வழியே வெடிப்பு விழுகிறது. கடலோரத்தில் கம்பிக்கு வெளியே 50 மில்லிமீற்றர் கொங்கிரீட் மூடியிருக்க வேண்டும். கம்பிக்கடியில் உடைந்த ஓட்டுத் துண்டை வைப்பதும், கழுவாத கடல் மணலைச் சேர்ப்பதும் கட்டும் நாளிலேயே துருவுக்கு இடம் கொடுப்பதாகும்.

பழைய சுவரைத் திருத்துவதென்றால் சீமெந்துப் பூச்சைத் தட்டிப் பாருங்கள். ஓட்டைச் சத்தம் கேட்கும் இடங்களைச் சிற்றுளியால் மெதுவாக எடுங்கள். இறுகப் பிடித்திருப்பதை வலிந்து பெயர்த்தால் கல் உடையும். இணைப்புகளில் உதிரும் சாந்தை 20 மில்லிமீற்றர் ஆழத்துக்குச் சுரண்டுங்கள். பூத்த உப்பை உலர்ந்த தூரிகையால் தட்டி அள்ளி அப்புறப்படுத்துங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் அது கரைந்து உள்ளேயே போகும். பிறகு ஒரு கச்சான் காலம் முழுவதும் சுவரைக் காயவிடுங்கள். சுண்ணாம்பு சுட முருகைக்கல் எடுப்பது சட்டவிரோதம், அதற்கு அவசியமும் இல்லை. கடையில் கிடைக்கும் நீறிய சுண்ணாம்பை முதல் நாளே தண்ணீரில் ஊறவைத்து, 1 பங்குக்குக் கழுவிய ஆற்று மணல் 3 பங்கு சேர்த்துக் குழையுங்கள். சுவரை நனைத்துவிட்டு, ஒரு தடவைக்கு 10 மில்லிமீற்றருக்கு மேல் போகாமல் பூசுங்கள். ஒரு படை இறுகிய பிறகே அடுத்தது. வெயிலில் சட்டென்று காய்ந்தால் சுண்ணாம்பு கல்லாகாமல் தூளாகிவிடும். ஆகவே ஈரச்சாக்கு தொங்கவிட்டு ஒரு வாரமாவது நிழலில் வையுங்கள். மேலே பிளாஸ்ரிக் பெயின்ற் அடித்தால் துளைகள் மீண்டும் அடைபடும். வெள்ளையடிக்க நீர்ச் சுண்ணாம்பே போதும்.