கடல்மீன் தொட்டிக்கு எந்த மூடி?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு கல்லூரி மாணவர் கேட்டிருக்கிறார்: "40 லிட்டர் கடல்நீர்த் தொட்டி வைத்திருக்கிறேன், சார். ஒரு ஜோடி கோமாளி மீன், ஒரு ஃபயர்ஃபிஷ். கொளத்தூரில் ஒரு கடைக்காரர் கண்ணாடி மூடி போடச் சொல்கிறார். அடுத்த கடைக்காரர் மூடியே வேண்டாம் என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?"

முதலில் இரண்டாமவரை விட்டுவிடலாம். ஃபயர்ஃபிஷ் மிரண்டால் துள்ளும். என் வீட்டில் ஒன்று விடியற்காலையில் சோபாவுக்கு அடியில் கருவாடாகக் கிடந்தது. "நமக்கு வர இருந்த கண்டத்தை அது வாங்கிக்கொண்டது" என்று பெரியவர்கள் ஆறுதல் சொன்னார்கள். அது வாங்கிக்கொண்டது என் சோம்பேறித்தனத்தை. திறந்த தொட்டியில் செத்த மீனுக்கெல்லாம் கண்திருஷ்டியைக் காரணம் காட்டினால், மூடி போடும் எண்ணம் யாருக்கும் வராது.

கண்ணாடி மூடி மீனையும் காக்கும், நீர் ஆவியாவதையும் குறைக்கும். ஆவியாகும்போது நீர் மட்டுமே போகிறது, உப்பு தங்கிவிடுகிறது. லிட்டருக்கு 35 கிராம் இருந்த உப்பு, 40 லிட்டரில் இரண்டு லிட்டர் குறைந்தால் கிட்டத்தட்ட 37 ஆகிவிடும். அதனால்தான் குறைந்த அளவுக்கு உப்பில்லாத ஆர்.ஓ. நீரை ஊற்ற வேண்டும், கடல்நீரை அல்ல. ஆனால் அந்த ஆவியாதல்தான் தொட்டியைக் குளிர்விக்கிறது. நாளைக்கு அரை லிட்டர் ஆவியானால் சுமார் 1,200 கிலோஜூல் வெப்பம் வெளியேறும். இரவு பகலாக 14 வாட் வெப்பத்தை யாரோ அள்ளிக்கொண்டு போவதற்குச் சமம். மே மாதச் சென்னையில் இதை ஏன் அடைத்து வைக்க வேண்டும்? இறுக மூடினால் கரியமில வாயுவும் தேங்கி நீரின் பி.எச். இறங்கும்.

இனி எனக்குப் பிடித்த கதை: உப்பு எப்படித் தொட்டியை விட்டு வெளியே வருகிறது?

கோலி சோடாவை உடைத்து முகத்தருகே கொண்டுபோனால் மூக்கில் சில்லென்று தெறிக்கும் அல்லவா, அதே வேலைதான் ஏர் பம்பின் குமிழிகள் செய்வதும். குமிழி மேலே வந்ததும் அதன் தலையிலுள்ள மெல்லிய நீர்ப்படலம் கிழிகிறது. அந்த இடத்தில் ஒரு குட்டிப் பள்ளம். சுற்றியுள்ள நீர் நாலாபுறமிருந்தும் பள்ளத்தின் அடிக்குப் பாய்ந்து மோதிக்கொள்கிறது. போக வேறு வழியில்லாமல் நூல் போல மேலே பீறிடுகிறது. பீறிட்ட நூல் மணிகளாக அறுந்து பறக்கிறது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் குமிழி, தன் துளியைப் பத்து சென்டிமீட்டருக்கும் மேலே எறிந்துவிடும்! கடல்நீரில் குமிழிகள் ஒன்றோடொன்று எளிதில் சேர்வதில்லை என்பதால் அவை நன்னீரில் இருப்பதைவிடச் சிறியவை, எண்ணிக்கையிலும் அதிகம். காசிமேட்டில் அலை உடைந்து நுரைக்கும்போதும் இதேதான் நடக்கிறது. ராயபுரத்தில் என் வீட்டு ஜன்னல் கம்பிக்கு ஆண்டுதோறும் நான் பெயின்ட் அடிப்பது அந்தத் துளிகளின் தயவால்.

தொட்டி விளிம்பில் விழுந்த துளி காய்ந்து உப்பாகிறது. அந்தப் படிவு விளக்குத் திரியைப் போல ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு தன் ஓரத்தில் மேலும் வளர்கிறது. விளிம்பைத் தாண்டி, வெளிச்சுவரில் இறங்கி, வயரைப் பிடித்துக்கொண்டு பிளக்கை நோக்கி நடக்கும். வயரைப் பிளக்குக்குக் கீழே ஒரு வளைவாகத் தொங்கவிடுங்கள். சொட்டும் நீர் அங்கேயே விழுந்துவிடும்.

ஆகவே என் தேர்வு வலை. சட்டத்தில் இழுத்துக் கட்டிய நைலான் வலை மீனைத் தடுக்கும், ஆவியை விடும், வெளிச்சத்தையும் அதிகம் மறைக்காது. இரும்பு, செம்புக் கம்பி வலை வேண்டவே வேண்டாம். ஒன்று துருப்பிடிக்கும், மற்றொன்றிலிருந்து கரையும் செம்பு இறாலுக்கும் பவளத்துக்கும் நஞ்சு. குமிழி உடையும் மூலைக்கு மேல் மட்டும் உள்ளங்கை அகல அக்ரிலிக் துண்டு வைத்தால் தெறிப்பு அங்கேயே நின்றுவிடும். அக்ரிலிக்கின் அடிப்பக்கம் ஈரம் குடித்து உப்பும்போது ஓரங்கள் மேலே தூக்கிக்கொள்ளும். பயப்பட வேண்டாம். வாரம் ஒருமுறை ஈரத்துணியால் உப்பைத் துடைத்துவிட்டுத் திருப்பிப் போடுங்கள், மெல்ல நிமிர்ந்துவிடும்.